"நீங்க எங்க அம்மா இல்ல" என்கிறாள்... நான் கண்டிக்கலாமா?

கேள்வி:

எனக்கு 36 வயது. விவாகரத்தான ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமணம் செய்துகொண்டேன். எனக்கு இது முதல் திருமணம். அவருக்கு 13 வயதில் ஒரு மகள், 8 வயதில் ஒரு மகன். பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும் அவர்களுடைய அம்மா வீட்டுக்குப் போய் வருவார்கள். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுவார்கள். கணவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பது ஆகிவிடும். ஹோம்வொர்க், குளியல், தூக்கம் எல்லாம் என் பொறுப்பு.

போன மாதம் ஒரு நாள் நள்ளிரவு தாண்டியும் மகள் போர்வைக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். "நீங்க எங்க அம்மா இல்ல. என் போனைத் தொட நீங்க யாரு?" என்று கத்தினாள். சத்தம் கேட்டுக் கணவர் எழுந்து வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் போன் அவள் கையில் இருந்தது. அலமாரியைத் திறந்து கொடுத்தது அவர்தான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

சின்னவன் பாசமானவன். ஆனால் அம்மா வீட்டிலிருந்து வரும் அன்று மட்டும் என்னைக் கண்டால் விலகிப்போகிறான். கண்டித்தால் "சித்தி கொடுமை" என்கிறார்கள் உறவினர்கள். கண்டிக்காமல் விட்டால், "தன் பிள்ளையாக இருந்தால் இப்படி விடுவாளா?" என்கிறார்கள். கண்டிக்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? மகளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் எனக்குள் நின்றது, "கணவர் எழுந்து வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை" என்ற இடம்தான். மகள் கத்தியதைக்கூட ஓரமாக வைத்துவிடலாம். பதின்மூன்று வயதில் பெற்ற அம்மாவிடமும் பிள்ளைகள் அப்படித்தான் கத்துகிறார்கள், வேறு வார்த்தைகளில். அன்று இரவு உங்கள் கணவர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. அவர் செய்யவில்லை. அவருடைய இடத்தில் நீங்கள் போய் நின்றீர்கள். அவர் வாங்கியிருக்க வேண்டிய அடியை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். ராத்திரியில் போன் அவள் கையில் இருக்கக் கூடாது என்பது சரியான விதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விதியைப் போடுவதும், மீறினால் என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் இப்போதைக்கு உங்கள் கையில் இருக்க வேண்டாம். "இப்போதைக்கு" என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

எனக்கும் இது ஆரம்பத்திலேயே புரிந்துவிடவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில், மறுமணம் செய்துகொண்ட தம்பதிகளிடம் "முதல் நாளிலிருந்தே இரண்டு பேரும் சமமான பெற்றோர். ஒரே குரலில் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புவேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வருவார்கள், முன்பைவிட மோசமான நிலையில். பிள்ளை ஒரு பக்கம், புதிதாக வந்தவர் ஒரு பக்கம், நடுவில் பெற்றவர் வாயடைத்துப்போய். உங்கள் வீட்டில் அன்று இரவு இருந்த அதே காட்சி.

ஏன் அப்படி ஆகிறது? 1960-களில் டயானா பாம்ரின்ட் என்ற உளவியலாளர் பெற்றோர் பிள்ளைகளை வளர்க்கும் விதங்களை வகை பிரித்துப் பார்த்தார். கறார் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் செல்லம் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைகளையும்விட, அன்பும் கண்டிப்பும் சேர்ந்தே கிடைக்கும் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று கண்டார். இதைத் தெரிந்துகொண்ட பலர் கண்டிப்பை எடுத்துக்கொண்டு, "சேர்ந்தே" என்பதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவர் "போனை வை" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதின்மூன்று வருடம் இருக்கிறது. காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியது எல்லாம் இருக்கிறது. அவள் எவ்வளவு கோபப்பட்டாலும் அந்தக் கணக்கில் இருப்பு தீர்ந்துவிடாது. நீங்கள் அதே சொல்லைச் சொன்னால் பின்னால் இருப்பது இரண்டு வருடம். அதிலும் முதல் வருடம் அவள் உங்களை எட்ட நின்று நோட்டம் பார்த்த வருடமாகத்தான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற ஆய்வாளர், விவாகரத்தும் மறுமணமும் நடந்த குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். புதிதாக வந்தவர் உடனே கண்டிப்பில் இறங்கிய வீடுகளில், அவர் நியாயமாகவே நடந்துகொண்டாலும்கூட பிள்ளைகள் அவரை ஒதுக்கினார்கள். முதலில் பழகி, கண்டிப்பு என்று வரும்போது பெற்றவருக்குப் பக்கத்துணையாக மட்டும் நின்றவர்களுக்கு நாளடைவில் இடம் கிடைத்தது. அவர் அதிகம் கவனித்தது மாற்றாந்தந்தைகளைத்தான். ஆனால் என் அனுபவத்தில் மாற்றாந்தாய்க்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது. காரணம், அப்பாவின் புது மனைவி என்றால் அவள் வந்த மறுநாளே வீட்டையும் பிள்ளைகளையும் அவள் தலையில் கட்டிவிடுகிறோம். பொறுப்பு முழுக்க அவளுக்கு, அதிகாரம் மட்டும் இல்லை.

போதாததற்கு மொழி வேறு. "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று மேடையில் பேசுகிறார்கள், தலையங்கத்தில் எழுதுகிறார்கள். ஓரவஞ்சனைக்கே உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உறவினர்கள் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பேசும் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டைப் பார்க்க முடியாது.

சரி, கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களுக்கு எதிராகப் போனைத் திருப்பிக் கொடுத்தார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விவாகரத்தான அப்பாக்கள் பலரிடம் ஒரு குற்றவுணர்வு உண்டு: "என்னால்தானே பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம், இன்னும் நான் வேறு திட்ட வேண்டுமா?" அதனால் இளகிப்போவார்கள். அவர் இளக இளக, "இந்த வீட்டில் யாராவது ஒருவர் கறாராக இருக்க வேண்டாமா?" என்று நீங்கள் இறுக்குவீர்கள். நீங்கள் இறுக்குவதைப் பார்த்து, "பாவம் பிள்ளை" என்று அவர் இன்னும் இளகுவார். ஏற்றப்பலகையில் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் அசைந்தால் மற்றவர் எதிர்த்திசையில் போகத்தான் செய்வார். இப்படிப்பட்ட குடும்பங்களோடு பல்லாண்டு வேலை செய்த பேட்ரிசியா பேப்பர்னோ என்ற உளவியலாளர் இதையே சொல்கிறார். பெற்றவர் இன்னும் கொஞ்சம் புரிந்துகொள்ளச் சொல்வார், வந்தவர் இன்னும் கொஞ்சம் கண்டிக்கச் சொல்வார். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான். உங்கள் சுபாவத்திலோ அவர் சுபாவத்திலோ கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இருவரும் இருக்கும் இடம் அப்படி.

அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகள் அம்மா வீட்டுக்குப் போன சனிக்கிழமை நல்ல நேரம். அன்று இரவைப் பற்றிய பஞ்சாயத்தாக ஆக்கிவிடாதீர்கள். "ஏன் என்னை விட்டுக்கொடுத்தீங்க?" என்று ஆரம்பித்தால் அவர் தன் பக்க நியாயத்தைத்தான் தேடுவார். "உங்க பொண்ணுக்கு நான் ரூல் போட்டா அவளுக்கு என்மேல வெறுப்புதான் மிஞ்சுது. இனிமே ரூல் நீங்க போடுங்க. நான் அதைக் காப்பாத்துறேன். ஆனா நீங்க போட்டே ஆகணும்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஒதுங்குவதோடு விஷயம் முடிந்துவிட்டால், வீட்டில் கண்டிப்பே இல்லாமல் போய்விடும். நீங்கள் பின்வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் அவர் ஓர் அடி முன்னால் வர வேண்டும்.

அன்றைக்கு எல்லாவற்றுக்கும் விதி எழுத உட்காராதீர்கள். மூன்று போதும், நான்குக்கு மேல் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு எல்லாருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் (எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும் அவருடையதும் சேர்த்துத்தான்). வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்படி. மீறினால் என்ன என்பதையும் இருவரும் அன்றே பேசி முடியுங்கள். பிறகு அவர் பிள்ளைகளை உட்காரவைத்து, அவருடைய வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேச வேண்டாம். அவர் ஒரு வாக்கியம் மட்டும் கூடுதலாகச் சொல்லட்டும்: "நான் இல்லாத நேரத்துல ஆன்ட்டி சொன்னா, அது நான் சொன்ன மாதிரி." உங்களுக்கு இப்போது தேவைப்படும் அதிகாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை அவர்தான் தர முடியும்.

ஒன்பது மணி வரை அவர் இல்லை, சில நாள் பத்தைத் தாண்டியும் வராமல் போகலாம். அவர் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? ஒரு நாள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்த வேறு ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் புதுச் சட்டம் போடுவதில்லை. "உங்க மிஸ் என்ன சொல்லியிருக்காங்களோ, அதுபடி செய்யுங்க" என்பார். யாராவது அடங்கவில்லை என்றால் குறித்து வைத்துவிட்டுப் போவார். நீங்களும் "மணி ஆச்சு. அப்பா சொன்னபடி போனை வெச்சுடும்மா" என்று ஒரு தடவை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். வைக்கவில்லையா? பிடுங்க வேண்டாம், பின்னாலேயே நின்று புலம்பவும் வேண்டாம். "சரி, வைக்கலைன்னு அப்பாகிட்ட சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இதை மிரட்டலாகச் சொன்னால் கோள்மூட்டுவதாகிவிடும். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். பிறகு நிஜமாகவே சொல்லவும் வேண்டும். அவர் அன்றே மகளைக் கூப்பிட்டுப் பேசவும் வேண்டும். களைப்பில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவர் இரண்டு தடவை தள்ளிப்போட்டால் இந்த ஏற்பாடே கவிழ்ந்துவிடும். இந்த வரியை அவரிடம் காட்டிவிடுங்கள்.

எதையும் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து என்று வந்தால் யார் அதிகாரம் என்று யோசிக்கத் தேவையில்லை. சின்னவன் சாலையில் ஓடினால் கையைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டும். அதேபோல, உங்களை இழிவாகப் பேசினால் விழுங்கிக்கொள்ள வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. "நீ என்மேல கோபமா இருக்கலாம். ஆனா இந்த மாதிரி வார்த்தை வேண்டாம்" என்று நிறுத்திச் சொல்லலாம். அவளிடம் மரியாதையை இன்றைக்கே எதிர்பார்க்கலாம். பாசத்தைக் கேட்டு வாங்க முடியாது. கை நீட்டுவது இருவருக்குமே கூடாது. "நீயும் ரெண்டு போடு, பரவாயில்ல" என்று கணவரே சொன்னாலும் கூடாது.

"நீங்க எங்க அம்மா இல்ல." இந்த வாக்கியம் இன்னும் பல தடவை வரும், தயாராக இருங்கள். பெரும்பாலானவர்கள் இதற்குப் பதிலாகத் தங்கள் தியாகப் பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். "உனக்காக எவ்வளவு செய்யறேன்" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அவள் சொல்வது உண்மைதானே? ஒத்துக்கொள்ளுங்கள். "ஆமாம்மா, இல்லதான். உனக்கு அம்மா இருக்காங்க. அவங்க இடத்துக்கு நான் வரல. நான் இந்த வீட்டுல இருக்கிற ஒரு பெரிய ஆள், அவ்வளவுதான்." அவள் எதிர்பார்த்த சண்டை அங்கே கிடைக்காது. உங்களை "அம்மா" என்று கூப்பிடச் சொல்லிக் கணவரோ மற்றவர்களோ வற்புறுத்தினால், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். "ஆன்ட்டி" நல்ல சொல்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே நெருக்கமாக இருக்கலாம்.

இப்போது சின்னவன். மகளைவிட இவனைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. அம்மா வீட்டிலிருந்து வரும் அன்று அவன் விலகுவது உங்களைப் பிடிக்காமல் இல்லை. உங்களைப் பிடித்திருப்பதால் வரும் சங்கடம் அது. இரண்டு நாள் அம்மாவோடு இருந்துவிட்டு, அவளை விட்டுப் பிரிந்த துக்கத்தோடு வருகிறான். அந்த நேரத்தில் ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொண்டால், அது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. எட்டு வயதுக்கு இதை வார்த்தையில் சொல்லத் தெரியாது, அதனால் ஒதுங்குகிறான். விசுவாசம் இரண்டாகக் கிழிபடுவதன் வலி பெரியவர்களுக்கே தாங்காது.

அன்று சாயங்காலம் அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். "அங்க என்ன செஞ்சீங்க, யாரெல்லாம் வந்தாங்க?" என்ற விசாரணை வேண்டவே வேண்டாம். பையைப் பிரித்தானா, ஹோம்வொர்க் முடித்தானா என்பதையெல்லாம் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். ஓரிரண்டு மணி நேரம் அவனை அவன் போக்கில் விட்டால் தானாகவே உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவான். அப்புறம் சமயம் வரும்போது, அவன் வரைந்த படத்தைக் காட்டினால், "ரொம்ப நல்லா இருக்கு, அடுத்த தடவை போகும்போது அம்மாவுக்கும் எடுத்துட்டுப் போ" என்று சொல்லுங்கள். அம்மாவை நேசிக்க உங்களிடமிருந்து அனுமதி கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தால், உங்களை நேசிப்பது அவனுக்குச் சுலபமாகிவிடும். அந்த வீட்டில் விதிகள் வேறாக இருக்கலாம், இரவு ஒரு மணி வரை டிவி ஓடலாம். ஓடட்டும். "அங்க அப்படி, இங்க இப்படி" என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். அந்த அம்மாவோடு பேச வேண்டியது இருந்தால் கணவர் பேசட்டும்.

மகளிடம் நெருங்குவது மெதுவாகத்தான் நடக்கும். லாரன்ஸ் கனாங், மேரிலின் கோல்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாற்றாந்தாயாகவோ மாற்றாந்தந்தையாகவோ வந்தவர்கள் பிள்ளைகளின் பிரியத்தைப் பெற என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். திருமணத்துக்கு முன் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிவிட்டு, திருமணம் முடிந்ததும் அதை நிறுத்தி அதிகாரத்தைக் கையில் எடுத்தவர்கள் தோற்றார்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை, பிள்ளையோடு தனியாக, விடாமல் தொடர்ந்து செய்தவர்களுக்குப் பலன் இருந்தது. உங்களுக்குப் பிடித்ததை அல்ல, அவளுக்குப் பிடித்ததை. அவள் படம் வரைவாளா, ஏதாவது விளையாடுவாளா, ஒரு சீரியலை விடாமல் பார்ப்பாளா என்று உங்களுக்குத் தெரியும். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. முகத்துக்கு நேர் முகம் உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது செய்வது இந்த வயதுக்குச் சரிப்படும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும் பத்து நிமிடத்தில் சொல்வதை, ஹாலில் உட்காரவைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நான்கு பேரும் சேர்ந்தே எங்கும் போக வேண்டும் என்பதும் இல்லை. அவளும் அப்பாவும் மட்டும் போகும் நேரம் ஒன்று இருக்கட்டும். அதை நீங்களே ஏற்பாடு செய்து கொடுத்தால், அப்பாவை நீங்கள் பறித்துக்கொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரியவரும். அவளுடைய கோபத்தில் பாதிக்கு மேல் அந்தப் பயமாக இருக்கலாம்.

எவ்வளவு நாள் ஆகும்? நான் மேலே சொன்ன பேப்பர்னோ, இப்படிச் சேர்ந்த குடும்பங்களில் வேகமாக ஒன்றுகூடி வருபவற்றுக்கே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகின்றன, பலருக்கு 7 வரை ஆகிறது என்கிறார். உங்களுக்கு ஆகியிருப்பது இரண்டு. அதிலும் அவள் குழந்தைப்பருவம் முடிந்து பதின்பருவத்துக்குள் நுழையும் சமயம். சொந்தப் பெற்றோரிடமிருந்தே விலகத் தொடங்கும் வயதில், புதிதாக ஒருவரோடு ஒட்டச் சொல்கிறோம். ஹெதரிங்டனின் ஆய்விலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பெற்றவரின் மறுமணம் மிகவும் கடினமாக இருந்தது. நீங்கள் தோற்கவில்லை. பாதி வழியைக்கூட இன்னும் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம். பெற்றவரைத் திருமணம் செய்துகொண்டதாலேயே பிள்ளைகள் விஷயத்தில் சட்டப்படியான அதிகாரம் தானாக வந்துவிடுவதில்லை. பல நாடுகளில் இதுதான் நிலை. பகல் முழுக்கப் பொறுப்பு உங்களிடம் இருப்பதால், பள்ளியில் யார் கையெழுத்திடலாம், அவசர சிகிச்சைக்கு யார் சம்மதம் தரலாம் என்பதைக் கணவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, தேவையானதை எழுத்தில் செய்து வைப்பது நல்லது.

உங்களுக்கென்றும் ஒருவர் வேண்டும். இந்த வீட்டில் மற்ற மூவருக்கும் ஒருவரோடொருவர் ரத்த உறவு, பழைய கதைகள், பழைய ஜோக்குகள். நீங்கள் மட்டும் பாதியில் வந்து உட்கார்ந்தவர். அந்தத் தனிமையைக் கணவரிடம் எப்போதும் கொட்ட முடியாது, சில சமயம் அவர் பிள்ளைகளைப் பற்றிய புகாராகத்தான் அது அவருக்குக் கேட்கும். தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் ஒரு தோழி இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மன்னிப்பு. கேளுங்கள். ஆனால் எதற்கு என்பதில் தெளிவாக இருங்கள். போன் கூடாது என்று சொன்னதற்கு அல்ல, பிடுங்கியதற்கு. கணவர் புது விதிகளைச் சொன்ன பிறகு, ஓரிரு நாள் கழித்து, அவள் தனியாக இருக்கும்போது கதவருகே நின்றபடியே சொல்லுங்கள்: "அன்னிக்கு உன் கையிலிருந்து பிடுங்கினது தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று ஒரு வால் சேர்த்தால் எல்லாம் வீண். அவள் பதில் சொல்லாமல் இருக்கலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தட்டும். பத்து மணிக்கு அவள் போன் ஹாலில் சார்ஜில் இருக்கிறதா என்று உங்கள் கணவர் எழுந்து போய்ப் பார்க்கட்டும். நீங்கள் தூங்கப் போங்கள்.